போர்வீரரின் இருதயம்

மனத்தின் நிலையை நெஞ்சின்மேல் ஏற்றிச் சொல்லுதல் தமிழ் மக்களின் நெடுநாள் வழக்கம். எதிர்பாராத செய்தியைக் கேட்டவன் ‘நெஞ்சு திக்கென்றது’ என்கிறான். பரீட்சை மண்டபத்தின் வாயிலில் நிற்கும் மாணவன் ‘நெஞ்சு படபடக்கிறது’ என்கிறான். துயரில் மூழ்கிய தாய் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்கிறாள். இவை வெறும் சொல்லலங்காரங்கள் அல்ல. அச்சமும் கோபமும் கவலையும் எழும்போது நாடி விரைவதும், மூச்சு வாங்குவதும், உள்ளங்கை வியர்ப்பதும் உடலில் மெய்யாகவே நிகழ்வன. அவற்றை எழுப்பிய காரணம் நீங்கியதும் அவையும் சிறிது நேரத்தில் அடங்கிவிடுகின்றன.

ஆனால் சிலருக்கு அவை அடங்குவதில்லை. காரணம் மறைந்து மாதங்கள் கழிந்த பின்னரும் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கிறது. நான்கு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, இடப்பக்க மார்பில் வலி தோன்றுகிறது, தலை சுற்றுகிறது, சிறு வேலைக்கும் உடல் சோர்ந்து போகிறது. வைத்தியர் சோதித்துப் பார்த்தால் இருதயத்தில் பழுது எதுவும் காணப்படுவதில்லை. இத்தகையவரை என்ன செய்வது? இருதய நோயாளி என்று சொல்லிப் படுக்கையிற் கிடத்துவதா? ஒன்றுமில்லை, வெறும் பாசாங்கு என்று கடிந்து அனுப்பிவிடுவதா? இவ்விரண்டு தீர்ப்புகளும் தவறானவை என்பதையும், இவற்றுக்கு நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதையும் வைத்திய உலகம் அறிந்துகொள்வதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகளும் மூன்று பெரும் யுத்தங்களும் வேண்டியிருந்தன. அந்த வரலாறு இன்றும் கற்கத்தக்கது.

1861ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. நான்கு ஆண்டுகள் நீடித்த அந்த யுத்தத்தில், காயம்பட்டவர்களையல்லாமல் வேறொரு வகை நோயாளரும் வைத்தியசாலைகளுக்கு வந்து சேர்ந்தனர். பிலடெல்பியா நகரிலே டேர்னர்ஸ் லேன் என்னும் இடத்தில் அமைந்திருந்த இராணுவ வைத்தியசாலையில் கடமையாற்றிய ஜேக்கப் மென்டெஸ் டா கொஸ்டா என்னும் வைத்தியர் அவர்களைக் கூர்ந்து நோக்கினார். அவர்களுடைய கதை பெரும்பாலும் ஒரே வகையாக இருந்தது. கடுமையான அணிநடை, உறக்கமின்மை, பாசறையில் வந்த காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம். பின்பு குணமடைந்து படைப்பிரிவுக்குத் திரும்புதல். திரும்பிய பின்னர்தான் துன்பம் வெளிப்பட்டது. தோழர்களோடு ஈடுகொடுத்து நடக்க முடியவில்லை. ஓடினால் தலை சுற்றியது. துவக்கின் சுமையும் முதுகுப் பையின் சுமையும் தாங்கவொண்ணாதனவாயின. ஆனாலும் பார்வைக்கு அவர்கள் நல்ல தேகநலம் உடையவர்களாகவே தோன்றினர்.

முந்நூறுக்கு மேற்பட்ட இத்தகைய வீரர்களை ஆராய்ந்து டா கொஸ்டா 1871ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ‘எளிதிற் கலங்கும் இருதயம்’ என்று பொருள்படும் பெயரை அந்நிலைக்கு அவர் இட்டார். பிற்காலத்தார் அதனை டா கொஸ்டாவின் நோய் என்றும், போர்வீரரின் இருதயம் என்றும் அழைத்தனர். மிகையாக உழைத்த இருதயம் நிலைகுலைந்துவிட்டது என்பது அவர் கொண்ட கருத்து. ஆதலால் ஓய்வும், இருதயத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிடாலிஸ் முதலிய மருந்துகளும் அவருடைய சிகிச்சையில் முதலிடம் பெற்றன.

அதே காலத்தில் பிரித்தானியப் படையிலும் இத்துன்பம் கண்டறியப்பட்டது. அங்கிருந்த வைத்தியர் சிலர், முதுகுப் பையின் வார்கள் மார்பை இறுக்குவதாலும், கழுத்தை நெரிக்கும் இறுகிய சீருடையாலும் இது விளைகிறது என்று கருதினர். உடுப்பும் சுமைவார்களும் திருத்தி அமைக்கப்பட்டன. எனினும் நோய் ஒழிந்தபாடில்லை. அடுத்த பெரும் யுத்தம் வந்தபோது அது முன்னிலும் பெருகி வந்தது.

1914ஆம் ஆண்டில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியது. பதுங்குகுழிகளிற் கிடந்த வீரர்கள், வெடிகுண்டு எப்போது தலைமேல் விழுமோ என்னும் நினைவோடு இரவையும் பகலையும் கழித்தனர். ஓரிரு ஆண்டுகளுள் பல்லாயிரக்கணக்கான பிரித்தானிய வீரர்கள் ‘இருதய இயக்கக் கோளாறு’ என்னும் சீட்டுடன் போர்முனையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். பலர் வைத்தியசாலைகளில் மாதக்கணக்கிற் படுத்திருந்தனர். ‘உனக்கு இருதயம் பழுது’ என்று ஒருமுறை வைத்தியர் வாயாற் கேட்டுவிட்ட வாலிபன், பின்பு தன் நெஞ்சின் ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டு கிடப்பானானான். மறுபுறத்தில், சோதனையில் ஒன்றும் அகப்படாததால் கடமைக்கு அஞ்சிப் பாசாங்கு செய்பவன் என்று பழிக்கப்பட்டவனும் உண்டு. முன்னவன் நம்பிக்கையை இழந்தான்; பின்னவன் மானத்தை இழந்தான். அரசாங்கத்துக்கோ வேறொரு கவலை. போர்முனைக்கு ஆட்கள் போதவில்லை. ஓய்வூதியச் செலவு ஏறிக்கொண்டே இருந்தது. ஆகவே இந்நோயின் மெய்யை ஆராய்வதற்கென்று 1916ஆம் ஆண்டளவில் இலண்டன் மாநகரின் ஹம்ஸ்டெட் பகுதியில் ஒரு தனி வைத்தியசாலை இயங்கலாயிற்று. 1917இல் அது கொல்செஸ்டர் நகருக்கு மாற்றப்பட்டது.

அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் தோமஸ் லூயிஸ் என்பவர். 1881ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டிலே பிறந்த இவர், இருதயத்தின் மின்னோட்டத்தை வரைந்து காட்டும் கருவியைக் கையாள்வதில் அக்காலத்தில் முன்னணியில் நின்றவர். கருவிகளில் வல்லவராயிருந்தும், இந்நோயாளரைப் பொறுத்தவரையில் அவர் பெரிதும் நம்பியது கருவிகளை அன்று. மனிதனுடைய நடமாட்டத்தையே நம்பினார். ஸ்டெதஸ்கோப்பு வழியாகக் கேட்கும் ஒரு சிறு முணுமுணுப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒருவனை இருதய நோயாளி என்று தீர்ப்பது தவறு என்று அவரும் அவருடைய மூத்த துணைவரான ஜேம்ஸ் மக்கென்ஸியும் வற்புறுத்தினர். இருதயம் நல்லதா என்று அறிய வேண்டுமாயின், அதற்கு ஒரு வேலை கொடுத்து, அவ்வேலையை அது எவ்வாறு செய்கிறது என்று பார்க்கவேண்டும். படி ஏறச் செய்தல், குறித்த பயிற்சியைச் செய்வித்தல், அதன்பின் நாடி எவ்வளவு விரைகிறது, எவ்வளவு நேரத்திற் பழைய நிலைக்கு வருகிறது என்று குறித்தல் ஆகியன அவர்களுடைய சோதனை முறையாயின.

இச்சோதனையால் ஓர் உண்மை புலனாயிற்று. இந்த வீரர்களிடம் காணப்பட்ட படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுள் ஒன்றேனும் புதுமையானதன்று. நல்ல தேகநலம் உடையவன் ஒருவன் ஒரு மைல் தூரம் விரைந்து ஓடிவந்து நின்றால் அவனிடத்தும் இவையெல்லாம் காணப்படும். வேற்றுமை அளவில் மாத்திரமே. நலமுள்ளவனுக்குக் கடும் ஓட்டத்தின் பின் வருவது, இவர்களுக்குச் சிறு நடையிலேயே வந்துவிடுகிறது. இது கருதியே லூயிஸ் இதனை ‘உழைப்பு நோய்க்குறித் தொகுதி’ என்று பொருள்படும் புதிய பெயரால் வழங்கினார். 1918ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் அப்பெயர் இடம்பெற்றது. அதே ஆண்டில், அவருடன் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர்கள் ‘நரம்பு - இரத்தவோட்டத் தளர்ச்சி’ என்று வேறொரு பெயரைப் பரிந்துரைத்தனர். இரு சாராரும் ‘இருதய நோய்’ என்னும் சொல்லைத் தவிர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

நோய் அளவைப் பற்றியதாயின், மருந்தும் அளவைப் பற்றியதாகவே இருத்தல்வேண்டும். லூயிஸின் வைத்தியசாலையில் நோயாளர்கள் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டனர். தேகப்பயிற்சி ஆசிரியர்களின் மேற்பார்வையில், பாடசாலை வகுப்புகளைப் போலப் படிநிலைகளாக வகுக்கப்பட்ட பயிற்சிகள் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. கீழ்வகுப்பில் இலேசான கைகால் அசைவுகளும் சிறு நடையும். அவற்றைத் துன்பமின்றிச் செய்யத் தேறியவர் அடுத்த வகுப்புக்கு ஏற்றப்பட்டார். மேல்வகுப்புகளில் முழுமையான இராணுவப் பயிற்சியும் நெடுந்தூர அணிநடையும் இருந்தன. ஒரு வகுப்பைத் தாங்க இயலாதவர் கீழிறக்கப்பட்டார். அதனால் அவருக்கு இழிவு எதுவும் இல்லை. டிஜிடாலிஸ் மருந்து இவர்களுக்குப் பயன்படுவதில்லை என்பதும் அங்கே சோதித்து அறியப்பட்டது.

இம்முறையின் சிறப்பு, சோதனையும் சிகிச்சையும் ஒன்றாகவே அமைந்தமையாகும். சில வாரப் பயிற்சியிலேயே, எவர் முழுக் கடமைக்கு ஏற்றவர், எவர் இலகுவான பணிக்கு ஏற்றவர், எவரை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. எல்லோரும் குணமடைந்தனர் என்று சொல்லவியலாது. முன்னேறாதவர் பலர் இருந்தனர். ஆயினும் ஆயுள்முழுவதும் இருதய நோயாளி என்னும் பெயரைச் சுமக்க இருந்த பலர், ஏதோ ஒரு பயனுள்ள பணிக்குத் திரும்பினர். எதனைச் செய்தால் இறந்துவிடுவேன் என்று அஞ்சினாரோ அதனையே நாள்தோறும் செய்து, இறவாமல் மாலையில் வீடுதிரும்புவது போல் விடுதிக்குத் திரும்பிய அனுபவம், எந்த மருந்தினாலும் தரமுடியாத உறுதியை அவர்களுக்குத் தந்தது.

அளந்த உழைப்பு உடலில் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதை இங்கே விளக்குதல் பொருந்தும். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கானன் 1915ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அச்சமும் சினமும் உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தப்படுத்துகின்றன என்று காட்டினார். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, மூச்சு வேகங்கொள்கிறது. காட்டில் விலங்கைக் கண்ட மனிதனுக்கு இந்த ஆயத்தம் உயிர்காக்கும் துணை. ஓடியோ போரிட்டோ அவன் அதனைச் செலவிட்டுவிடுகிறான். கடன்காரனுக்கு அஞ்சியும், மேலதிகாரிக்கு அஞ்சியும் நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கோ ஆயத்தம் மட்டும் உண்டு, செலவு இல்லை. வேண்டாத வேகத்தில் மூச்சை இழுத்து விடுவதால் இரத்தத்திலுள்ள கரியமிலவாயு குறைகிறது. அதனால் தலை சுற்றுகிறது, விரல் நுனிகள் மதமதக்கின்றன. இவற்றைக் கண்டு அவன் மேலும் அஞ்சுகிறான். அவ்வச்சம் மீண்டும் நெஞ்சை விரட்டுகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போல, தன் நெஞ்சின் ஒலியே அவனுக்குப் பேயாகிவிடுகிறது.

அஞ்சியவன் அசையாமல் இருக்கிறான். அசையாமல் இருப்பதால் உடல் தளர்கிறது. இரத்தத்தின் அளவே குறைகிறது. ஒவ்வோர் அடியிலும் இருதயம் வெளியேற்றும் இரத்தம் குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய அது அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. முன்னர் அச்சத்தால் விரைந்த நாடி இப்போது தளர்ச்சியாலும் விரைகிறது. தேகப்பயிற்சி இந்தச் சக்கரத்தைத் திருப்பிச் சுழற்றுகிறது. இரத்தம் பெருகுகிறது, இருதயத்தின் ஒவ்வோர் அடியும் வலுவடைகிறது, அதே வேலையைக் குறைந்த அடிகளாற் செய்கிறது. அதனோடு, விரைந்த நாடியும் வாங்கும் மூச்சும் மரணத்தின் அறிகுறிகள் அல்ல, உழைப்பின் இயல்பான துணைகள் என்பதை மனமும் கற்றுக்கொள்கிறது.

மனத்தின் பங்கை லூயிஸ் போதிய அளவு ஆராயவில்லை என்பது அவருக்குப் பின் வந்தோரின் கருத்து. இரண்டாம் உலக யுத்தம் அக்குறையை நிரப்பியது. தென்னிந்தியாவின் நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் 1907ஆம் ஆண்டிற் பிறந்த போல் வுட் என்னும் இருதய வைத்தியர், 1941ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்த்திய விரிவுரைகளில் இந்நோயை மீண்டும் அலசினார். இந்த நோயாளரிடம் காணப்படும் குறிகள் உழைப்பின் குறிகளை விட அச்சத்தின் குறிகளையே பெரிதும் ஒத்திருக்கின்றன என்பது அவர் முடிவு. நோயாளி உழைப்புக்கு ஆற்றாதவன் அல்லன், உழைப்புக்கு அஞ்சுகிறவன். அவ்வச்சத்தை ஊட்டுவோருள், ஆராயாமல் ‘இருதயம்’ என்று சொல்லிவிடும் வைத்தியரும் ஒருவர் என்பதை அவர் ஒளிக்காமல் எடுத்துரைத்தார்.

வுட் பணியாற்றிய மில் ஹில் அவசர வைத்தியசாலை, யுத்தத்தின் பொருட்டு ஒரு பாடசாலைக் கட்டடத்தில் அமைக்கப்பட்டிருந்தது. நூறு கட்டில்கள் கொண்ட ஒரு பிரிவு இந்நோயாளருக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பொறுப்பேற்ற மக்ஸ்வெல் ஜோன்ஸ் என்னும் மனநல வைத்தியர் அங்கே ஒரு புதுமை செய்தார். நோயாளர் அனைவரையும் ஒருங்கே அமர்த்தி, நரம்புகளும் இருதயமும் எவ்வாறு இயங்குகின்றன, அச்சத்தால் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று பாடமாகவே நடத்தினார். நாளடைவில், முன்னர் வந்த நோயாளர்கள் புதிதாய் வந்தவர்களுக்குத் தாமே விளக்கம் சொல்லத் தொடங்கினர். பாடசாலைக் கட்டடம் மீண்டும் பாடசாலையாயிற்று எனலாம். தன் உடலைப் பற்றிய அறிவும் ஒரு மருந்தே என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. நோயாளரும் வைத்தியரும் கூடிக் கலந்துரையாடும் மனநலச் சிகிச்சை முறைகள் பல அந்த வகுப்பறையிலிருந்து கிளைத்தன.

இத்தகைய நோயாளர் பிற்காலத்தில் என்னவானார்கள் என்ற கேள்விக்கு 1950ஆம் ஆண்டிலே போஸ்டன் நகரிலிருந்து விடை வந்தது. போல் டட்லி வைட் என்னும் புகழ்பெற்ற இருதய வைத்தியரும் அவருடைய துணைவர்களும், நரம்பு - இரத்தவோட்டத் தளர்ச்சி உடையவர் என்று கணிக்கப்பட்ட 173 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய நிலையை வெளியிட்டனர். பலருக்குத் துன்பம் முற்றாக நீங்கவில்லை. ஆயினும் அவர்கள் அற்பாயுளில் இறக்கவுமில்லை. மெய்யான இருதய நோய் மற்றவர்களைக் காட்டிலும் அவர்களை மிகுதியாகப் பற்றவுமில்லை. தாம் சாகப்போவதாக நாள்தோறும் அஞ்சியவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள்.

போர்வீரரிடம் கற்ற பாடம் மெய்யான இருதய நோயாளரின் சிகிச்சையையும் மாற்றியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் வரையும் படுக்கையில் அசையாது வைத்திருப்பதே வழக்கம். முதலாம் யுத்தத்தில் கொல்செஸ்டர் வைத்தியசாலையிற் பணிபுரிந்த அமெரிக்கர்களுள் ஒருவரான சாமுவேல் லெவைன், தம் துணைவர் பேர்னாட் லோன் என்பவருடன் சேர்ந்து 1952ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தை எதிர்த்தார். நோயாளரை விரைவிலேயே நாற்காலியில் அமர்த்தலாம் என்று அவர்கள் காட்டினர். 1953ஆம் ஆண்டில் ஜெரி மொறிஸ் என்பவர் இலண்டன் பஸ் ஊழியரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள்முழுவதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைக் காட்டிலும், இரட்டைத்தட்டு பஸ்களிலே படி ஏறி இறங்கும் கொண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. 1955ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி ஐசன்ஹோவர் மாரடைப்பால் வீழ்ந்தபோது, அவரைப் படிப்படியாக நடமாடவும் கடமைக்குத் திரும்பவும் ஊக்கியவர் முற்கூறிய வைட் ஆவார்.

படுக்கை எத்துணைக் கொடியது என்பதற்கு அளவோடு கூடிய சான்று 1966ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் கிடைத்தது. இருபது வயதுடைய, நலமுள்ள வாலிபர் ஐவர் மூன்று வாரம் தொடர்ந்து படுக்கையில் வைக்கப்பட்டனர். அவர்களுடைய உழைப்பாற்றல் கால்பங்குக்கு மேல் வீழ்ந்துவிட்டது. அதன்பின் எட்டு வாரம் பயிற்சி பெற்றபோது இழந்ததை மீட்டனர். அதே ஐவரும் முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், மீண்டும் சோதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களுடைய ஆற்றலைக் குறைத்ததை விட, இளமையில் மூன்று வாரப் படுக்கை குறைத்தது அதிகம் என்று கண்டபோது ஆராய்ச்சியாளரே வியப்படைந்தனர்.

இவ்வளவும் கேட்டபின், நெஞ்சு வலிப்பவர் எல்லோரும் எழுந்து ஓடலாம் என்று முடிவு செய்வது பேதைமை. மனவழுத்தம் மெய்யான இருதய நோயையும் உண்டாக்க வல்லது. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடைபெற்று 2004ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு ஒன்று, மாரடைப்புக்கு ஏதுவாகும் ஒன்பது காரணங்களுள் மனவழுத்தம் முதலிய மனநிலைக் காரணங்களையும் உடலுழைப்பின்மையையும் சேர்த்தே கண்டது. பெருந்துயரால் இருதயத்தின் கீழ்ப்பகுதி திடீரென ஊதித் தளர்ந்துவிடும் நிலையொன்றும் உண்டு. அவ்வடிவம் ஜப்பானிய மீனவர் பேய்க்கணவாய் பிடிக்கும் பானையை ஒத்திருப்பதால், 1990ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வைத்தியர்கள் அதற்கு அப்பானையின் பெயரையே சூட்டினர். ஆகவே ‘மனத்தால் வந்தது’ என்பதற்கு ‘ஒன்றுமில்லை’ என்பது பொருளன்று. நெஞ்சை நசுக்குவது போன்ற வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவை கண்டால் நடைப்பயிற்சிக்குப் போகலாகாது. தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போகவேண்டும். லூயிஸும் முதலிற் செய்தது, மெய்யான நோயுள்ளவரைப் பிரித்தெடுத்ததே.

இருதய நோயுள்ளவருக்கும், வைத்தியர் சோதித்து அனுமதித்தபின், அளந்த பயிற்சி நன்மை தருகிறது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலிருந்து வெளியான ஆய்வில் 151 இருதய நோயாளர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குத் தேகப்பயிற்சியோடு கூடிய வழக்கமான புனர்வாழ்வு மட்டும். மற்றதற்கு அதனுடன் மனவழுத்தத்தைக் கையாளும் பயிற்சியும். பிற்காலத்தில் முதற் பிரிவில் நூற்றுக்கு 33 பேருக்கு மாரடைப்பு முதலிய இடர்கள் நேர்ந்தன. இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 18 பேருக்கே நேர்ந்தன. ஹம்ஸ்டெட்டின் பயிற்சியையும் மில் ஹில்லின் பாடத்தையும் ஒருங்கு சேர்த்தால் விளையும் பயன் இதுவெனக் கொள்ளலாம்.

எழுந்து நின்றதுமே நாடி நிமிடத்துக்கு முப்பது அடிக்கு மேல் விரைந்து, தலை சுற்றித் துன்புறுவோர் உளர். டா கொஸ்டா கண்ட வீரர்களுள்ளும் இத்தகையோர் இருந்திருக்கலாம் என்று இக்கால வைத்தியர் கருதுகின்றனர். இது மனப்பிரமையன்று, இரத்தவோட்டத்தை ஒழுங்குசெய்யும் நரம்புகளின் கோளாறு. இவர்களை எடுத்தவுடன் நடக்கச் செய்தால் வீழ்ந்துவிடுவர். ஆதலால் படுத்தபடியும் அமர்ந்தபடியும் செய்யும் துடுப்பு வலித்தல், மிதித்தல் போன்ற பயிற்சிகளில் தொடங்கிச் சில மாதங்களில் நிற்கும் பயிற்சிக்கு ஏற்றுகிறார்கள். 2010ஆம் ஆண்டில் டலஸ் நகரிலிருந்து வெளியான ஆய்வில், மூன்று மாதப் பயிற்சியை முடித்தவருள் ஏறக்குறைய பாதிப்பேர் அந்நோயின் வரையறையிலிருந்தே விடுபட்டனர்.

எனினும் எல்லாத் தளர்ச்சிக்கும் இம்மருந்து பொருந்தாது. சிறு உழைப்பின் பின்னரும் ஒரு நாளோ இரு நாளோ கழித்து உடல் முற்றாக முடங்கிப் போகும் நீடித்த களைப்பு நோய் ஒன்று உண்டு. அத்தகையோருக்குக் குறித்த அளவாற் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சியைக் கொடுத்தலாகாது என்று இங்கிலாந்தின் சுகாதார வழிகாட்டி நிறுவனம் 2021ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. லூயிஸின் கீழ்வகுப்பு விதியை இங்கே நினைவுகூரலாம். தாங்காதவனை இறக்கிவிடுவது இழிவன்று. அவனை வற்புறுத்துவதே தவறு.

இந்நெடிய வரலாற்றிலிருந்து பெறத்தக்க விதிகள் சிலவே. முதலாவது, தகுந்த வைத்தியரின் சோதனை. இரண்டாவது, மிகச் சிறிதாகத் தொடங்குதல். தெருமுனை வரை நடக்க அஞ்சுபவருக்கு முதல் நாட் பாடம் படலை வரை நடப்பதே. மூன்றாவது, ஒழுங்கு. ஒருநாள் நான்கு மைல் நடந்து ஆறு நாள் படுத்திருப்பதை விட, நாள்தோறும் பத்து நிமிடம் நடப்பது மேல். நான்காவது, அளவு. நடந்துகொண்டே அருகில் வருபவரோடு பேச முடியவேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று கொள்க. ஐந்தாவது, பயிற்சியைத் தொடங்கும்போது மெல்ல ஏறுதலும் முடிக்கும்போது மெல்ல இறங்குதலும். ஆறாவது, துணை. போர்வீரர்கள் தனியாகப் பயிலவில்லை; அணியாகவே பயின்றனர். தன்னைப்போல் அஞ்சிய ஒருவன் தனக்கு முன்னே நடப்பதைக் காண்பது பெருந்தைரியம்.

இவையனைத்துக்கும் அடிப்படையாய் நிற்பது வீட்டிலுள்ளோரின் சொல். நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் சொன்னால், ‘அசையாதே, படு’ என்று நாள்கணக்கிற் பொத்திவைப்பதும், ‘உனக்கென்ன குறை, எல்லாம் நினைப்பு’ என்று எள்ளுவதும் நம் வீடுகளிற் கேட்கும் இரு சொற்கள். 1914ஆம் ஆண்டின் படைவீரன் கேட்ட அதே இரு தீர்ப்புகள்தாம் அவை. முதலாவது அவனை நோயாளியாக்கியது. இரண்டாவது அவனைப் பொய்யனாக்கியது. அவனை மனிதனாக மீட்டது, ‘உன் துன்பம் மெய், உன் இருதயம் நல்லது, வா, இன்று இவ்வளவு தூரம் நடப்போம்’ என்ற மூன்றாவது சொல்லே.